'மித்ரா' என்னும் முகமூடி

பாலித் தீவுக்குச் செல்லும் இந்தியருக்கு அறிவுரை சொல்ல இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. விசாக் கட்டணம், 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டவர் ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும் 1,50,000 ரூபியா சுற்றுலா வரி, எந்தக் கடற்கரையில் எந்த விடுதி என்று நீளும் அந்த அறிவுரைகள் தவறாமல் ஓரிடத்தில் வந்து சேரும்: விமானம் ஏறும் முன்பே கிராப், கோஜெக் செயலிகளைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்; ஓடிபி வர வேண்டும் என்பதால் இந்திய சிம் அட்டையைக் கழற்றிவிடாதீர்கள்; வங்கி அட்டையை ஊரிலேயே இணைத்துவிடுங்கள்; அங்கே போய் உள்ளூர் டாக்சிக்காரர் எவரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர்கள் 'மாஃபியா'. 2024ஆம் ஆண்டில் பாலிக்கு வந்த 63 லட்சம் வெளிநாட்டவரில் இந்தியர் 5 லட்சத்துக்கும் மேல். ஆஸ்திரேலியர்க்கு அடுத்த இடம் அவர்களுடையது. ஆகவே இது ஒரு சிலர் காதில் விழுந்து மறையும் பேச்சு அன்று. ஒரு நாட்டின் உழைப்பாளியைப் பற்றி இன்னொரு நாட்டின் நடுத்தர வர்க்கம் கொள்ளும் கருத்து இப்படித்தான் விதைக்கப்படுகிறது.

இந்த அறிவுரையில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மொழி தெரியாது, தெரு தெரியாது. ஒரு லட்சம் ரூபியா என்று கேட்டவுடன் அது ஐந்நூற்றுச் சொச்ச ரூபாயா, ஐயாயிரமா என்று மனக்கணக்கில் தடுமாறுகிறவரிடம் இரு மடங்கு வாடகை கேட்கும் ஓட்டுநர் உலகின் எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் உண்டு. நள்ளிரவில் தனியே வந்திறங்கும் பெண்ணுக்கு வண்டி எண்ணும் ஓட்டுநர் படமும் கைப்பேசியில் இருப்பதும், செல்லும் வழியை வீட்டார் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதும் சிறிய ஆறுதல் அல்ல. இவற்றை ஏளனம் செய்வது இடதுசாரிகளின் வேலையாக இருக்க முடியாது. அந்நிய ஊரில் ஏமாற்றப்படாமல் பயணம் செய்ய விரும்புவது குற்றமும் அல்ல.

கேள்வி வேறு. பயணியின் தலையிலிருந்து பேரம் என்னும் சுமை இறக்கி வைக்கப்பட்டது சரி. அதை யார் தலையில் ஏற்றினார்கள்?

பேரம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு இரு மனிதர்கள் நடைபாதையில் நேருக்கு நேர் நின்று பேசினார்கள். இருவருக்கும் தெரிந்திருந்தது ஒரே தொகை: பயணி கொடுப்பது எவ்வளவோ அதுவே ஓட்டுநர் பெறுவது. இப்போது பயணியின் திரையில் ஒரு தொகை, ஓட்டுநரின் திரையில் இன்னொரு தொகை. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் கண் ஒன்றே ஒன்றுதான். அது நிறுவனத்தின் கண். பயணி எந்த நாட்டு எண்ணில் பதிந்திருக்கிறார், எந்த விடுதி வாசலில் நிற்கிறார், மழை பெய்கிறதா, அருகில் எத்தனை வண்டிகள் சும்மா நிற்கின்றன என அதற்குத் தெரியாதது இல்லை. ஓட்டுநரைப் பற்றியும் அதே அளவு தெரியும்: காலை முதல் எத்தனை பயணம் ஏற்றார், எத்தனையை மறுத்தார், எவ்வளவு குறைந்த கூலிக்கு இதுவரை தலையசைத்திருக்கிறார். இரு தரப்பையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஒருவர் சொல்வது மற்றவர்க்குக் கேட்காமல் விலை பேசுகிறவருக்குக் கிராமங்களில் தரகர் என்று பெயர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கூட இரண்டு தரப்பின் விரலையும் பிடித்தாக வேண்டும். இந்தத் தரகருக்கு அந்தச் சிரமமும் இல்லை.

இது ஊகம் அன்று. பிரிட்டனில் ஊபர் 2023இல் கட்டணத்தையும் ஓட்டுநர் ஊதியத்தையும் கணத்துக்குக் கணம் மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. ஓட்டுநர்கள் தங்கள் சொந்தத் தரவுகளைச் சட்டப்படி கேட்டுப் பெற்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ஒப்படைத்தார்கள். 258 ஓட்டுநர்கள், ஏறத்தாழ 15 லட்சம் பயணங்கள். 2025இல் வெளிவந்த அந்த ஆய்வு, புதிய முறைக்குப் பின் நிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 29 விழுக்காடாக உயர்ந்ததையும், சில பயணங்களில் பாதிக்கும் மேல் நிறுவனமே எடுத்துக்கொண்டதையும், ஓட்டுநரின் மணிநேர வருவாய் குறைந்ததையும் காட்டியது. பயணி செலுத்தும் தொகை உயர உயர நிறுவனம் எடுக்கும் பங்கும் உயர்ந்தது என்பதே அதில் முதன்மையான செய்தி. 'கூடுதல் கட்டணம் ஓட்டுநர்க்குத்தானே போகிறது' என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பயணி இதைப் படிக்க வேண்டும்.

இந்தோனேசியாவில் இருசக்கர வாகன ஓட்டுநரிடம் நிறுவனம் பிடிக்கும் தொகை 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் அமைச்சக ஆணை. நடைமுறையில் பிடித்தம் அதற்கும் மேல் போகிறது என்பதும், பயணியிடம் 'செயலிக் கட்டணம்' என்று தனியாக வாங்குவது இந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதும் ஓட்டுநர் அமைப்புகளின் குற்றச்சாட்டு. அதை ஒருபுறம் வைத்துவிட்டு ஆணைப்படியே கணக்குப் போட்டாலும் என்ன மிஞ்சும்? பத்துக் கிலோமீட்டர் பயணத்துக்கு வாடகை 20,000 ரூபியா என்று வைத்துக்கொண்டால் 4,000 நிறுவனத்துக்கு. அரசு எரிபொருள் நிறுவனத்தின் மானியப் பெட்ரோல் லிட்டர் 10,000 ரூபியா; பயணியை ஏற்றச் செல்லும் தூரத்தையும் வெறும் வண்டியாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்தால் எரிபொருளுக்கு இன்னொரு 4,000. எஞ்சிய 12,000 ரூபியா இந்திய மதிப்பில் ஏறக்குறைய 65 ரூபாய். வண்டித் தவணை, டயர், கைப்பேசி, இணையக் கட்டணம், மழைக்கோட்டு எல்லாம் அதிலிருந்துதான். அந்தப் பயணி போய் இறங்கும் காப்பிக் கடையில் ஒரு கோப்பையின் விலை இதைவிட இரண்டு, மூன்று மடங்கு. 'பாலி எவ்வளவு மலிவு!' என்ற வியப்புக்குப் பின்னால் இருப்பது இந்தக் கழித்தல் கணக்கு.

நண்பன் என்ற பெயரில்

இந்தோனேசிய மொழியில் இந்த ஓட்டுநருக்கு நிறுவனம் வைத்திருக்கும் பெயர் 'மித்ரா'. வடமொழியிலிருந்து அங்கே போன சொல். 'சுதேசமித்திரன்' என்று ஏட்டுக்குப் பெயர் சூட்டிய ஊராருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அங்கே அது கூட்டாளி என்ற பொருளில் வழங்குகிறது: தொழிலாளி அல்லர், ஊழியர் அல்லர், நிறுவனத்தோடு சரிநிகராகத் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு வணிகம் செய்யும் கூட்டாளி. மொழிக்கு இழைக்கப்பட்ட இந்தக் கொடுமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஓட்டுநரின் கணக்கை நிறுவனம் ஒரேயடியாக முடக்கிவிட்டால் அதை ஓட்டுநர்கள் 'புத்துஸ் மித்ரா' என்கிறார்கள். நட்பு அறுந்தது என்று பொருள். வேலை நீக்கம் என்று சொன்னால் விசாரணை வேண்டும், காரணம் காட்ட வேண்டும், இழப்பீடு தர வேண்டும். நட்பு அறுந்ததற்கு எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

இந்தோனேசியாவின் 2003ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வேலை உறவுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: பணி, கூலி, கட்டளை. மூன்றும் இருந்தால் அங்கே தொழிலாளியும் முதலாளியும் இருக்கிறார்கள். நிறுவனங்களின் வாதமோ, இங்கே பணி உண்டு, ஆனால் கூலி இல்லை, வருவாய்ப் பங்கீடுதான் உண்டு. கட்டளை இல்லை, ஓட்டுநர் விரும்பினால் செயலியைத் திறக்கலாம், இல்லையேல் மூடலாம் என்பது. பங்கு எவ்வளவு என்று ஒரு தரப்பு மட்டுமே எழுதி வைக்கும் பங்கீடு எந்த ஊர் வழக்கம்? குத்தகை விவசாயியும் பண்ணையாரும் 'பங்காளிகள்' என்று சொன்ன வாய்கள் இங்கேயும் இருந்தன. கட்டளையைப் பொறுத்தவரை, அழைப்பை மறுத்தால் அடுத்த அழைப்பு வரத் தாமதமாகும், நட்சத்திர மதிப்பெண் சரிந்தால் கணக்கு நிற்கும் என்பது ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தெரியும். பழைய மேஸ்திரி குரல் உயர்த்திக் கத்தினார். புதிய மேஸ்திரி பேசுவதே இல்லை.

இதில் வெளிநாட்டுப் பயணிக்கு அவர் அறியாமலேயே ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பயணம் முடிந்ததும் ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்று திரை கேட்கிறது. 'குறையொன்றுமில்லை, சிறப்பாகவும் ஒன்றுமில்லை' என்ற நினைப்பில் மூன்றைத் தொட்டுவிட்டு அவர் கடற்கரைக்குப் போகிறார். அந்த மூன்று, ஓட்டுநரின் ஏட்டில் ஒரு கரும்புள்ளி. மேற்பார்வையாளரின் சம்பளத்தை மிச்சம் பிடித்த நிறுவனம் அந்தப் பணியை விடுமுறைக்கு வந்தவரிடம் இலவசமாக வாங்கிக்கொள்கிறது. ஒரு வாரத்தில் நாடு திரும்பிவிடும் மேற்பார்வையாளரிடம் எந்தத் தொழிலாளி விளக்கம் சொல்ல முடியும்?

இந்த வேடத்தைக் கலைத்துப் பார்த்த தீர்ப்பு ஒன்று உண்டு. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு நீதிமன்றம் சுட்டிய காரணங்கள் ஐந்து. கட்டணத்தை நிறுவனமே நிர்ணயிக்கிறது; ஒப்பந்த விதிகளை நிறுவனமே திணிக்கிறது; அழைப்பை மறுப்பதைக் கண்காணித்துத் தண்டிக்கிறது; மதிப்பெண் வழியே பணியைக் கட்டுப்படுத்துகிறது. ஐந்தாவது காரணம்தான் இந்தக் கட்டுரைப் பொருளுக்கு நேரடியாக உரியது: பயணத்துக்கு அப்பால் பயணிக்கும் ஓட்டுநருக்கும் எந்த உறவும் ஏற்படாதபடி நிறுவனம் அவர்களின் பேச்சுத் தொடர்பைக் குறைத்தே வைக்கிறது. கிராப் செயலியில் அந்நியரின் ஆங்கிலத்தை ஓட்டுநரின் மொழிக்கும் அவர் மொழியை ஆங்கிலத்துக்கும் உடனே பெயர்த்துத் தரும் வசதி இருக்கிறது. 'நீல வாசலருகே நிற்கிறேன்', 'இரண்டு நிமிடத்தில் வருகிறேன்' என்பவை எந்த மொழியிலும் செல்லும். 'இந்தப் பயணத்தில் உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது?' என்பதையும் அது மொழிபெயர்க்கும். ஆனால் அதைக் கேட்கும் எண்ணமே எழாதபடி எல்லாம் அமைக்கப்பட்டிருக்கிறது.

இந்திய அரசு இந்த ஏமாற்று வேலைக்குச் சட்ட வடிவமே தந்துவிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 'கிக்' தொழிலாளிக்குத் தரும் வரையறையே, மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்து வருவாய் ஈட்டுபவர் என்பது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தபோது, இந்தத் தொழிலாளர்களுக்கு முதன்முறையாகச் சட்ட ஏற்பு கிடைத்துவிட்டதாகப் பெருமை பேசப்பட்டது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது தொகுப்பு. குறைந்தபட்சக் கூலி இல்லை. வேலை நேர வரம்பு இல்லை. கூட்டுப் பேர உரிமை இல்லை. நலநிதி உண்டு, முதலாளி இல்லை! அங்கே மித்ரா, இங்கே 'பார்ட்னர்', இன்னொரு நிறுவனத்தில் 'கேப்டன்'. கப்பல் மட்டும் யாருடையது என்று கேட்கக்கூடாது.

பச்சைச் சட்டைகளின் தெரு

இந்தோனேசிய ஓட்டுநர்கள் இதையெல்லாம் வாய்மூடிச் சகித்துக்கொண்டிருக்கவில்லை. 2025 மே 20 அன்று ஜகார்த்தாவிலும் வேறு பல நகரங்களிலும் பச்சைச் சட்டை அணிந்த ஓட்டுநர்கள் செயலியை அணைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். நிறுவனத்தின் பிடித்தம் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. 'ஹேமாட்' முதலிய மலிவுப் பயணத் திட்டங்களை ஒழிக்க வேண்டும் என்பதும் உடன் எழுந்தது. ஹேமாட் என்றால் சிக்கனம்; சிக்கனம் பயணிக்கு, செலவு ஓட்டுநர்க்கு.

அடுத்த மூன்று மாதங்களில் நாடு கொந்தளித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டுப்படியாக மாதம் 5 கோடி ரூபியா வழங்கப்படுவது தெரியவந்தபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 28 இரவு ஜகார்த்தாவில் ஆர்ப்பாட்டத்தை ஒடுக்க வந்த சிறப்புக் காவல்படையின் கவச வாகனம் செயலி ஓட்டுநர் ஒருவரை ஏற்றிக் கொன்றது. அவருக்கு வயது 21. மறுநாள் அவர் இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் பச்சைச் சட்டையோடு திரண்டார்கள். நிறுவனம் இரங்கல் தெரிவித்தது, தன் 'மித்ரா' மறைந்ததாக. கிளர்ச்சி பல நகரங்களுக்குப் பரவியது. அந்த வாரங்களில் இந்தியச் சுற்றுலா முகவர்கள் சொன்னது வேறு: பாலி பாதுகாப்பாக இருக்கிறது, பயணத் திட்டத்தை மாற்ற வேண்டாம்.

இத்தனை லட்சம் உழைப்பாளர்கள் இருந்தும் அவர்களுக்கு அனைத்து நாட்டையும் தழுவிய வலுவான தொழிற்சங்கம் ஏன் இல்லை? விடை, பயணி காலாற நடக்கும் அந்தக் கடற்கரை மணலுக்கு அடியில் இருக்கிறது. 1965 வரை இந்தோனேசியாவின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு, கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைந்து நின்ற சோப்சி. 1965 அக்டோபரில் சுகார்த்தோவின் ராணுவம் தொடங்கிய படுகொலையில் ஐந்து லட்சம் பேர் முதல் பத்து லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். பாலியில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர். தீவின் மக்களில் இருபதில் ஒருவர் என்பது வரலாற்றாளர்களின் மதிப்பீடு. கொலைகள் ஓய்ந்த 1966ஆம் ஆண்டிலேயே சனூர் கடற்கரையில், ஜப்பானிய போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டிய பத்து மாடி விடுதி திறக்கப்பட்டது. பாலியின் பெருஞ்சுற்றுலா அங்கிருந்து தொடங்குகிறது. சோப்சி தடை செய்யப்பட்டது. மார்க்சியத்தைப் பரப்புவதற்கு 1966இல் விதித்த தடை இன்றும் நீங்கவில்லை. 1998இல் சுகார்த்தோ வீழ்ந்த பிறகே சங்கம் அமைக்கும் உரிமை திரும்பியது. அந்த உரிமை ஊன்றி நிலைபெறும் முன்பே செயலிகள் வந்துவிட்டன. சங்கச் சட்டம் தொழிலாளிக்கு, இவரோ மித்ரா.

சிவப்பு மண்டலங்களின் எல்லை

பாலியின் உபுத், சங்கூ போன்ற பகுதிகளில் தெருமுனைகளில் பலகைகள் நிற்கும்: இங்கே செயலி டாக்சிகள் பயணிகளை ஏற்றத் தடை. ஓட்டுநர்கள் அவற்றைச் சிவப்பு மண்டலம் என்கிறார்கள். அங்கே நுழையும்போது பச்சைச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வதும், பயணியைப் பெருஞ்சாலை வரை நடந்து வரச் சொல்வதும் வழக்கம். பலகை வைப்பவர்கள் ஊர்ச்சபையின் ஆதரவோடு இயங்கும் உள்ளூர் ஓட்டுநர் குழுக்கள். பயணிகள் 'மாஃபியா' என்று தூற்றுவது இவர்களையே. ஓட்டுநரை மறித்து மிரட்டும் காட்சிகள் கைப்பேசிகளில் பரவுகின்றன. அவை பொய்யல்ல, அவற்றுக்கு வக்காலத்து வாங்கவும் வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் குழுக்கள் செய்ய முயல்வது என்ன? ஒரு விலைக்குக் கீழே எவரும் வண்டி ஓட்டக்கூடாது என்று கூடி முடிவெடுப்பது. தொழிற்சங்கத்தின் அரிச்சுவடி அதுதான். அந்த உணர்வு சரியானது. அதற்கு இட்ட வேலிதான் தவறானது. 2025 ஜனவரி 6 அன்று பாலி ஓட்டுநர்கள் மாகாணச் சட்டமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்று வைத்த கோரிக்கைகளில் கட்டண வரைமுறையும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பும் இருந்தன. கூடவே பாலி அடையாள அட்டை உள்ளவர் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பதும் இருந்தது. முன்னவை நிறுவனத்தை நோக்கிய அம்புகள். பின்னது, ஜாவாவிலிருந்தும் லொம்போக்கிலிருந்தும் பிழைக்க வந்து அதே 20 விழுக்காட்டை இழக்கும் சக ஓட்டுநரை நோக்கியது. அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இவற்றுள் எது எளிது என்று சொல்லவும் வேண்டுமா? பிடித்தத்தைக் குறைத்தால் லாபம் குறையும். அடையாள அட்டை கேட்டால் எதுவும் குறையாது. ஒரு மித்ரா போய் இன்னொரு மித்ரா வருவார்.

இதை மும்பை நன்கறியும். 2016இல் மராட்டிய பாஜக-சிவசேனை அரசு ஆட்டோ உரிமத்துக்கு மராத்தி தெரிந்திருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது; 2017இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஓட்டுநர்களை ஆட்டோ நிறுத்தங்களில் விரட்டிய கட்சிகள், அதே காலத்தில் ஓலாவும் ஊபரும் மும்பைச் சாலைகளில் நிர்ணயித்த கட்டணத்தைப் பற்றி அந்த அளவுக்கு வாய் திறந்ததுண்டா? மண்ணின் மைந்தர் முழக்கத்துக்கு மூலதனத்தின் பிறந்த ஊர் மட்டும் ஏனோ கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த மூலதனத்துக்குப் பிறந்த ஊர் எது? கிராப் 2012இல் மலேசியாவில் தொடங்கிச் சிங்கப்பூரில் தலைமையகம் கொண்டது. 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வணிகம் முழுவதையும் கிராப்பிடம் கொடுத்து, பதிலுக்கு அதன் பங்குகளில் 27.5 விழுக்காட்டைப் பெற்றுக்கொண்டது. போட்டியை ஒழித்ததற்காகச் சிங்கப்பூர் ஆணையம் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 1.3 கோடி சிங்கப்பூர் டாலர் அபராதம் விதித்தது, இணைப்பு நின்றுவிடவில்லை. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் கிராப்பிலும் பணம் போட்டது, சீனத்தின் தீதியிலும் போட்டது, இந்தியாவின் ஓலாவிலும் போட்டது, ஊபரிலும் போட்டது. பெங்களூருவில் ஓலாவைத் திட்டிவிட்டு விமானம் ஏறும் பயணி, டென்பசாரில் இறங்கி கிராப்பைப் புகழ்கிறார். எந்தப் பக்கம் போனாலும் பணம் போய்ச் சேரும் கல்லாக்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. 2025இல் கிராப்பும் கோஜெக்கின் தாய் நிறுவனமும் இணைவது பற்றிய பேச்சு அரசு மட்டத்திலேயே நடந்தது. அது நிறைவேறினால், ஒரு செயலியில் விலை கூடினால் மற்றதைத் திறக்கும் சிறு உரிமையும் பயணியிடமிருந்து போய்விடும்.

மீட்டரைக் கைவிட்டவர் யார்

'அப்படியானால் தெருவில் நின்று ஏமாறச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். இல்லை. நியாயமான விலை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது பயணியின் உரிமை. அந்த உரிமையைக் காக்க மனித குலம் செயலிக்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்த கருவிக்குப் பெயர் மீட்டர். அதில் ஓடும் எண் பயணிக்கும் ஓட்டுநர்க்கும் ஒன்றே. அதை நிர்ணயிப்பது பொது அதிகாரம். அதைக் கேள்வி கேட்க வழி உண்டு. அரசுகள் அந்தப் பொறுப்பைக் கைவிட்ட இடத்தில்தான் நிறுவனங்கள் நுழைந்தன. தமிழ்நாட்டில் 2013 ஆகஸ்டில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்த கட்டணம் பத்தாண்டுகளுக்கு மேல் திருத்தப்படவில்லை. பெட்ரோல் விலை அப்படியே நின்றதா? மீட்டரை அரசே செல்லாக்காசாக்கியது. பழி ஓட்டுநர் மேல் விழுந்தது. பலன் செயலிக்குப் போனது. கேரள இடது முன்னணி அரசு 2022 ஆகஸ்டில் 8 விழுக்காடு சேவைக் கட்டணத்தில் 'கேரள சவாரி' தொடங்கியது. முதலீட்டாளர் பணத்தைத் தண்ணீராய் இறைத்துத் தள்ளுபடி தரும் நிறுவனங்களுக்கு எதிரே அது பட்ட சிரமங்களை மறைக்க வேண்டியதில்லை. பிடித்தம் எட்டு விழுக்காடாக இருந்தாலும் செயலி இயங்கும் என்பதை அது காட்டிவிட்டது.

பாலியில் இன்னொரு வழியும் இருந்தது, இருக்கிறது. 2020இல் தொடங்கிய 'டிரான்ஸ் மெட்ரோ தேவாத்தா' என்னும் பொதுப் பேருந்துச் சேவை விமான நிலையத்தையும் டென்பசாரையும் உபுதையும் இணைத்தது. மத்திய அரசின் நிதி நின்றதால் 2025 ஜனவரி 1 அன்று அது முற்றாக நிறுத்தப்பட்டது. சுற்றுலா வரி வாங்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 63 லட்சம் பேர் வந்து போன தீவில் பேருந்துக்குப் பணமில்லை என்றார்கள். மாணவர்களும் விடுதிகளில் வேலை செய்யும் உள்ளூர் மக்களும் எழுப்பிய குரலுக்குப் பின், மாகாண அரசும் நகராட்சி, மாவட்ட நிர்வாகங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ள, ஏப்ரலில் பேருந்துகள் மீண்டும் ஓடின. இடைப்பட்ட அந்த நூற்றுச் சொச்ச நாள்களில் பேருந்துப் பயணிகள் எந்தச் செயலியைத் திறந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

வெளிநாடு செல்லும் இந்தியரிடம் செயலியைப் புறக்கணியுங்கள் என்று கேட்பதில் பயனில்லை. தனியாள் புறக்கணிப்பு நிறுவனத்துக்கு உறைக்காது, ஓட்டுநருக்கு ஒரு பயணம்தான் குறையும். கேட்க வேண்டியது அரசுகளிடம். பயணச் சீட்டின் கடைசி வரியில், இந்தத் தொகையில் ஓட்டுநர் பெற்றது இவ்வளவு, நிறுவனம் பெற்றது இவ்வளவு என்று அச்சிட்டாக வேண்டும் என ஒரு விதி போதும், இரண்டு அறைகளுக்கும் இடையிலான சுவரில் சன்னல் திறக்கும். ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட மோட்டார் வாகனத் திரட்டு நிறுவன வழிகாட்டுதல், நெரிசல் நேரக் கட்டணத்தை அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கு வரை உயர்த்திக்கொள்ள அனுமதித்தது. முன்பு இருந்த வரம்பு ஒன்றரை மடங்கு. நிறுவனம் கேட்டது கிடைத்தது. ஓட்டுநர் கேட்டதில் எது கிடைத்தது?

2025 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, செயலி வழி உழைப்புக்குக் கட்டுப்படுத்தும் தன்மையுள்ள உடன்படிக்கையும் அதனுடன் ஒரு பரிந்துரையும் வேண்டும் என்று முடிவெடுத்து, இரண்டாம் விவாதத்தை 2026 மாநாட்டுக்கு வைத்தது. ஓட்டுநர் தொழிலாளியா, மித்ராவா என்பதே அங்கே மையக் கேள்வி. அந்த மன்றத்தில் இந்திய அரசின் பிரதிநிதிகள் ஒவ்வொரு விதியின் மீதும் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற முழு விவரத்தை ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்க வேண்டும்.